சிலுவையில் ஒரு சட்டைப் பொத்தான்

இரண்டு பேருக்கு இரண்டு வாக்குக் கொடுத்தவன் எப்படித் தூங்குவான்? பாசிலியோ தூங்கவில்லை. விடியும்போதே எழுந்து, ஓட்டை பிக்கப் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

போன வாரம் அவன் செய்த காரியம் இதுதான். அக்கா எர்மினியா பக்கத்தில் நின்றபோது, தலைநகரத்துப் பெண்மணியிடம் போனில், "வாங்கம்மா, அப்பா ரத்தம் குடுப்பாரு" என்றான். அன்று மாலையே அப்பா கேட்டபோது, "வரவேண்டாம்னு சொல்லிட்டேம்பா" என்றான். இரண்டையும் முழு மனதோடுதான் சொன்னான். அதுதான் அவனுடைய நோய்.

அந்த ரத்தம் அண்ணன் நிகாசியோவுக்காக. ஆங்கிலேயர் ஃபாக்லாந்து என்றும் நாங்கள் மால்வினாஸ் என்றும் சொல்கிற தீவுகளுக்குப் பத்தொன்பது வயதில் சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை. அங்கே ஒரு மயானத்தில், "கடவுளுக்கு மட்டுமே தெரிந்த சிப்பாய்" என்று எழுதிய சிலுவைகளில் ஏதோ ஒன்றின் கீழ் கிடக்கிறான். இப்போது எலும்பையும் உறவுக்காரர் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு சிலுவைக்கும் பெயர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. கூடப்பிறந்தவர் ரத்தத்தை விடப் பெற்றவர் ரத்தம் இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம்; அப்பா கிறிசாந்தோவின் ரத்தம்தான் மிச்சம். அவருக்கும் எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவர் போய்விட்டால் நிகாசியோ பெயரில்லாமலே கிடந்துவிடுவான்.

ஆனால் அவர் கையை நீட்ட மாட்டேன் என்கிறார். "இன்னிக்குப் பேர் வைப்பான், நாளைக்கு எலும்பைத் தூக்கிட்டு வருவான். என் பையன் அங்க படுத்திருக்கிற வரைக்கும் அந்த மண்ணு நம்மது. ரத்தத்தக் குடுத்து மண்ண விக்கச் சொல்றீங்களா?"

ரத்தம் எடுக்க அந்தப் பெண்மணி நாளை வருவதாகச் சொல்லியிருந்தாள். இன்று ஏப்ரல் இரண்டு. தீவுகளில் எங்கள் படை இறங்கிய நாள். ஊரே சதுக்கத்தில் கூடுகிற நாள்.

சதுக்கத்தில் அப்பாவுக்கு முன்வரிசை நாற்காலி. வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். நகரசபைக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில், தீவுகள் நம்முடையவை, நம் பிள்ளைகள் நியாயமான போரில் உயிர் கொடுத்தார்கள் என்று முழங்கினார். அப்பா கைதட்டினார். பாசிலியோவும் தட்டினான். பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான்.

"தட்டேன், ஏன் நிறுத்திட்டே?" என்றாள் எர்மினியா.

"கை வலிக்குதுக்கா."

"செங்கல் தூக்குற கை. ரெண்டு தட்டுக்கே வலிக்குதா?"

அவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். இதே சதுக்கத்தில், படை இறங்கிய அந்த முதல் ஏப்ரல் இரண்டில், பதினோரு வயதுப் பையனாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து கொடி ஆட்டியவன் அவன். அப்பா ஆடினார். முன்பின் தெரியாத ஆட்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். நிகாசியோ அப்போது கட்டாயப் படைசேவையை முடித்து வீட்டுக்கு வந்திருந்தான். மாமர நிழலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே அவனை மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அதே மாமரத்தடியில் சாப்பாடு. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, தணலில் வாட்டிய மாட்டு விலா. சாப்பிட திரான்சிதோவும் வந்திருந்தான். நிகாசியோவோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன், ஒவ்வொரு ஏப்ரல் இரண்டுக்கும் இந்த வீட்டில்தான் சாப்பிடுவான். இரண்டு கால்விரல் கிடையாது, பனி தின்றுவிட்டது.

முதல் துண்டு வாய்க்குள் போவதற்குள் எர்மினியா ஆரம்பித்துவிட்டாள்.

"நியாயமான போராம். எந்த வாய் கூசாமச் சொல்லுது பாரு."

"தீவு நம்மதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார் அப்பா.

"நம்மதுதான். நான் இல்லேன்னு சொன்னேனா? போர் நம்மதா? அதச் சொல்லுங்க. படை இறங்கறதுக்கு மூணு நாள் முன்னாடி வேலையில்ல, சோறில்லன்னு ஜனங்க தெருவுக்கு வந்துச்சு. ஆட்சியில இருந்த தளபதிங்க தடியால அடிச்சாங்க. நாற்காலி ஆடுது. என்ன பண்ணினாங்க? தீவப் புடிச்சாங்க. அடிபட்ட ஜனமே போய்க் கைதட்டிச்சு."

"நான் தட்டினேன். அதானே சொல்ல வர்றே?"

"நான் உங்களச் சொல்லல."

"என்னத்தான் சொல்றே." அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "கேளு. என் மாட்டை ஒருத்தன் நூத்தம்பது வருஷம் முன்னாடி ஓட்டிட்டுப் போனான். இன்னிக்கு அத ஓட்டிட்டு வந்து குடுக்கறவனும் திருட்டுப் பயதான். அதுக்காக மாடு என்னுது இல்லேன்னு ஆயிடுமா?"

நியாயம்தானே, என்று பாசிலியோ தலையாட்டினான்.

"மாடு உங்களுதுதான்" என்றாள் எர்மினியா. "ஆனா ஓட்டிட்டு வர யார அனுப்பினான்? அவன் பையனையா? நம்ம பையன. வெயில் ஊர்ப் பிள்ளைய, மெல்லிசு துணியோட பனிக்கு அனுப்பினான்."

இதுவும் நியாயம்தானே. தலை மறுபடி ஆடியது.

"நீ எதுக்குடா ரெண்டு பக்கமும் ஆட்டறே? காத்துல தொங்குற தூக்குக்குண்டு மாதிரி" என்றார் அப்பா. கொத்தனாரைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் சுவர் எழும்பாது. பாசிலியோ கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"திரான்சிதோ, நீ சொல்லுப்பா. போனவன் நீ. நியாயமா, இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

திரான்சிதோ எலும்பைச் சுத்தமாகக் கடித்துவிட்டுத்தான் பேசினான். "பெரியப்பா, குழிக்குள்ள நியாயம் பேச நேரமில்ல. பசி. ஒரு நாள் நானும் நிகாசியோவும் ஒரு ஆட்டப் புடிச்சு அறுத்துட்டோம். எங்க லெப்டினன்ட் புடிச்சுட்டான். என்னைய நாலு முளை அடிச்சுக் கையையும் காலையும் கட்டி, ஈரத் தரையில மல்லாக்கப் போட்டான். விரல் போனது குண்டால இல்ல. அதுலதான்."

எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் வருஷா வருஷம் அந்த இடத்தில் தட்டுச் சத்தம் நின்றுபோகும்.

"பாத்தீங்களா?" என்றாள் எர்மினியா. "எதிரி அடிக்கல. நம்ம ஆளே அடிச்சான்."

"இரு அக்கா. நான் முடிக்கல. இன்னிக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

"என்னது?"

"லெப்டினன்ட் மூஞ்சில காறித் துப்பிட்டு, அப்புறம் போவேன். தீவு என்னுது. அவனுது இல்ல."

"பைத்தியமா உனக்கு?"

"இருக்கலாம்" என்று சிரித்துவிட்டு அவன் இன்னொரு விலா எடுத்துக்கொண்டான்.

பாசிலியோவுக்குத் தலை சுற்றியது. அடிபட்டவனே போவேன் என்கிறான். அடிபடாத அக்கா தப்பு என்கிறாள். மகனைக் கொடுத்தவர் சரி என்கிறார். எல்லோரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுகிறார்கள். பிறகு எப்படி மூன்று நியாயம் வந்தது?

வெயில் ஏறியது. எங்கள் பக்கத்தில் மத்தியானத் தூக்க வேளையில் நாய்கூடத் தெருவுக்கு வராது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிடுவது அந்த நேரத்தில் பெரிய அவமரியாதை. நிகாசியோ செத்த சேதியோடு பட்டாளத்திலிருந்து வந்தவன் மட்டும் அப்படித் தட்டினான். அன்றிலிருந்து அப்பா அந்த வேளையில் படுப்பதில்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார்.

வாசலில் கைதட்டும் சத்தம் கேட்டது.

அப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

கேட்டருகே கையில் ஒரு பெட்டியோடு கண்ணாடி போட்ட பெண் நின்றாள். "மன்னிக்கணும், இது தூங்குற நேரம்னு தெரியும். நாளைக்கு மழையாம். மண் ரோடு மூடிடும்னாங்க. அதான் இன்னிக்கே வந்துட்டேன். நான் நோயெமி."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "டேய் பாசிலியோ. வரவேண்டாம்னு சொல்லிட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேம்பா."

"யார்கிட்ட?"

"...உங்ககிட்ட."

திரான்சிதோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எர்மினியா தம்பியை முறைத்தாள். "அப்போ அப்பா சரின்னுட்டார்னு என்கிட்ட சொன்னது?"

"அதுவும் சொன்னேன்க்கா."

அப்பா எழுந்து நின்று கத்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வாசலுக்கு வந்தவளை வெயிலில் நிறுத்திவைத்து அவருக்குப் பழக்கமில்லை. நாற்காலியைக் காட்டினார். மாத்தே என்கிற கசப்புத் தேயிலை போட்ட குடுக்கையில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சு குழலை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு குடிச்சுட்டுக் கிளம்பும்மா. ரத்தம் கிடையாது."

நோயெமி உறிஞ்சிக் குடித்துவிட்டு, நன்றி என்று சொல்லாமல் குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தாள். நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். சொல்லாதவள் இன்னும் உட்காரப் போகிறாள்.

"எலும்ப யாரும் கொண்டுவரப் போறதில்ல ஐயா. தோண்டிப் பாத்துட்டு அதே இடத்துலதான் திருப்பி வைக்கறாங்க. பேர் மட்டும்தான் மாறுது."

"அவன் படுத்திருக்கறது தாய்மண்ணுல. அதுக்கு மேல பேர் எதுக்கு?"

நோயெமி மடியிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "இந்த வார்த்தைய நான் முன்னாடியே கேட்டிருக்கேன்" என்றாள். "சண்டை முடிஞ்சதும் பிணமெல்லாம் குழியிலயும் சேத்துலயும் அப்படியே கிடந்துச்சு. வந்து எடுத்துட்டுப் போங்கன்னு நம்ம தளபதிகளுக்கு ஆங்கிலேயங்க சொல்லி அனுப்பினாங்க. இவங்க என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? அவங்க ஏற்கெனவே தாய்மண்ணுலதான் இருக்காங்கன்னாங்க. எடுக்க வரல."

அப்பாவின் கையிலிருந்த வெந்நீர்க் கெண்டி அந்தரத்தில் நின்றது.

"அப்போ... யார் பொதைச்சது?"

"ஒரு ஆங்கிலேய அதிகாரி. ஒவ்வொருத்தரையும் பையில சுத்தி, பக்கத்துல கிடைச்ச துணி, சாமானெல்லாம் கூடவே வச்சு, எங்க எடுத்தோம்னு குறிச்சு வச்சாரு. என்னிக்காவது யாராவது தேடிட்டு வருவாங்கன்னு. அதனாலதான் இப்போ எங்களால பேர் வைக்க முடியுது."

"சுட்டவன் பொதைச்சான்" என்றார் அப்பா. "அனுப்பினவன் விட்டுட்டான்." அதை இரண்டு தரம் சொன்னார். முப்பத்தைந்து வருஷமாகத் தான் சொல்லிவந்த வார்த்தை தளபதிகளின் வாயில் இருந்த வார்த்தை என்பது அவருக்குச் செரிக்கவில்லை. எர்மினியாவைப் பார்த்தார். அவளாவது வாதம் ஜெயித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தாரோ என்னவோ. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுவாயிருந்தாலும் எங்களுக்குத் தேவையில்லம்மா." அப்பா எழுந்து உள்ளே போனார். இத்தாத்தி மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த புகைப்படத்தை எடுத்துவந்தார். "என் பையன் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். அவன் அம்மா கண்டுபிடிச்சுட்டா."

குடும்பத்தாரைத் தீவுக்கு விமானத்தில் கூட்டிப்போனபோது அம்மாவும் போனாள். பெயரில்லாத சிலுவைகளுக்கு நடுவே நடந்து நடந்து, ஓர் இடத்தில் கால் நின்றுவிட்டதாம். இதுதான் என் பிள்ளை என்று உட்கார்ந்துவிட்டாள். போன தாய்மார்கள் பல பேர் அப்படித்தான் ஆளுக்கு ஒரு சிலுவையைத் தேர்ந்துகொண்டார்கள். அம்மா தன் கையால் சதுப்புநில விதைகளைக் கோத்துச் செய்த ஜெபமாலையை அதில் மாட்டினாள். சிலுவையைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ படம் எடுத்துக் கொடுத்தார்கள். சாகும்போது, "புள்ளையப் பாத்துட்டேன்" என்று நிம்மதியாகச் செத்தாள்.

நோயெமி படத்தை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, இந்த மாலையோட நுனியில ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்துச்சா?"

அப்பாவின் வாய் திறந்தது. படத்தில் பொத்தான் தெரியவே தெரியாது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தச் சிலுவைக்கு இப்போ பேர் இருக்கு."

பாசிலியோ கணக்குப் போட்டான். அவனுக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும். சிலுவைக்குப் பெயர் வைக்க ரத்தம் வேண்டும். நாம் ரத்தம் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பெயர்...

அப்பா அவனுக்கு முன்னால் அந்த விடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அவ வேற எவளோ பெத்த புள்ளையக் கட்டிக்கிட்டு அழுதிருக்கா."

திரான்சிதோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"பேர் என்ன?" என்றார் அப்பா.

"அபெல். நிகாசியோவ விட ஒரு வயசு சின்னவன்."

"அவன் அம்மா இருக்காளா?"

"இருக்காங்க, எதெல்வினா அம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம்தான், பாலம் தாண்டினா அவங்க ஊர். போன மாசம் பேர் பதிச்ச கல்லப் பாக்கப் போனப்போ அந்த மாலையப் பாத்திருக்காங்க. அன்னிலேர்ந்து என்னைப் பாக்கறப்பல்லாம் ஒரே கேள்வி. என் புள்ள கிட்ட வந்து போனது யாரு, இந்தப் பொத்தான் யாருதுன்னு."

அப்பா வெள்ளைச் சட்டையின் கைப்பொத்தானைக் கழற்றினார். உதவ எர்மினியா கையை நீட்டினாள். அவர் தட்டிவிட்டுத் தானே மடித்துவிட்டுக்கொண்டார்.

"எடு" என்றார். "என் புள்ள கிட்ட யாரும் போய் உக்காரல. எடு, சீக்கிரம்."

ஊசி போகும்போது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ரத்தம் ஏறுவதையே பார்த்தார். "பாசிலியோ, இந்தச் சண்டை சரியாடா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாசிலியோவின் தலை எந்தப் பக்கமும் ஆடவில்லை.

"அந்த அம்மாவப் பாக்கணும், வரலாமான்னு கேளு" என்றார் அப்பா. நோயெமி கொல்லைப் பக்கம் போய் எதெல்வினா அம்மாளுக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

"வரலாம்ங்கறாங்க. ஆனா முதல்ல ஒண்ணு தெரியணுமாம். உங்க வீட்டுல அந்தச் சண்டை சரின்னு சொல்றவங்களா, தப்புன்னு சொல்றவங்களா?"

"தப்புன்னு" என்று எர்மினியா ஆரம்பித்தாள். "சரின்னு" என்று அப்பா ஆரம்பித்தார். இரண்டு பேரும் பாதியில் நிறுத்திக்கொண்டு பாசிலியோவைப் பார்த்தார்கள்.

அவன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். "அம்மா, நான் செத்தவனோட தம்பி. எனக்குத் தெரியலம்மா. காலையில கைதட்டினேன். சாப்பிடறப்போ தப்புன்னு தோணுச்சு. இங்க ஒருத்தர் சரிங்கறாங்க, ஒருத்தர் தப்புங்கறாங்க. ரெண்டு பேரும் அழறாங்க. நான் யாருக்கும் பொய் சொல்றதா இல்ல. இதுவரைக்கும் பொய் சொன்னது போதும்."

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு ஒரு கிழட்டுக் குரல் கேட்டது. "பொத்தான் எந்தச் சட்டையோடது?"

அவனுக்குத் தெரியாது. போனை அப்பாவிடம் நீட்டினான். அப்பா ஊசி போட்ட கையாலேயே வாங்கினார். மடக்கிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"சைக்கிள் துடைக்கறப்போ போட்டிருந்த சட்டைம்மா" என்றார். "காலருக்குக் கீழ ரெண்டாவது பொத்தான். அத மட்டும் போடவே மாட்டான். அவன் அம்மா திட்டிட்டே இருப்பா."

அந்தப் பக்கம் பேசுவதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். திடீரென்று நெற்றியைச் சுருக்கினார். போனைப் பொத்திக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"டேய், அந்த வீட்டுல ஒரு ஆம்பள கத்தறான். எவனும் வரக்கூடாதுங்கறான். அவ வாங்கங்கறா. நான் யார் பேச்சடா கேக்கட்டும்?"

பாசிலியோ வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.